அனிமேஷன் படத்தில் இரண்டு பெண்களின் குடும்பம்: பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

வாசகியின் கடிதம்:

காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறோம். கணவர் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பும் மகன் எட்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு நாள் மாமியார் உட்பட எல்லோரும் சேர்ந்து ‘லைட்இயர்’ என்ற அனிமேஷன் படத்தை வீட்டு டிவியில் பார்த்தோம். அதில் விண்வெளி வீரனின் தோழியாக வரும் பெண் அதிகாரி இன்னொரு பெண்ணை மணந்து குடும்பம் நடத்துகிறார். ஓரிடத்தில் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்துவிட்டு, “இந்த மாதிரி ஜென்மங்களையெல்லாம் குழந்தைங்க படத்துல காட்டிக் கெடுக்கிறாங்க” என்று கத்தினார். “ரெண்டு பேரும் பொம்பளைங்கதானே, எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க?” என்று மகள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போனான். அதன் பிறகு எங்களோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதே இல்லை. இனி வீட்டில் கார்ட்டூனே கூடாது என்கிறார் கணவர். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தால் பிள்ளைகளின் மனம் மாறிவிடுமா? மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

குழந்தைகள் மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அச்சத்துக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தைப் பார்ப்பதால் எந்தக் குழந்தைக்கும் தன்பாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர்மேலேயே வரும் காதல் ஈர்ப்பு, வந்துவிடாது; பார்க்காமல் தடுப்பதால் எந்தக் குழந்தையிடமிருந்தும் அது போய்விடவும் செய்யாது. தருமபுரியில் என்னிடம் வருபவர்களில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த தன்பாலீர்ப்புள்ளவர்களும் உண்டு. அவர்கள் வளர்ந்த காலத்தில் ஊர்க் கொட்டகையில் ஓடிய ஒவ்வொரு படத்திலும் கதாநாயகனும் கதாநாயகியும் டூயட் பாடினார்கள். கடைசிக் காட்சியில் தாலி கட்டினார்கள். வேறு விதமான காதலைத் திரையில் அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்துத்தான் ஒருவர் இப்படி ஆகிறார் என்றால், இவர்களில் ஒருவர்கூட இப்படி ஆகியிருக்க முடியாது.

அறிவியலும் இதற்கு முரணாக எதையும் சொல்லவில்லை. ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, இந்த ஈர்ப்பைத் தீர்மானிக்கும் தனியொரு மரபணு இல்லை என்றும், பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் பிற காரணங்களும் சேர்ந்தே இதை அமைக்கின்றன என்றும் காட்டியது. இதன் முழுக் காரணத்தை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சினிமாவாலோ வளர்ப்பாலோ இது ஒட்டிக்கொள்கிறது என்பதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்களின் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டது. இது நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அறிவித்தது.

நம் ஊர் அனுபவத்தையும் எண்ணிப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து விடிய விடியப் பார்ப்பார்கள். மீசையை மழித்த ஆண்கள் பாஞ்சாலியாகவும் சுபத்திரையாகவும் வேடம் கட்டி ஆடுவார்கள். அஞ்ஞாதவாசத்தில் அர்ஜுனன் பிருகன்னளையாக மாறி விராடன் மகளுக்கு நடனம் கற்றுக்கொடுப்பான். பெண் வேடம் கட்டுவதும் தன்பாலீர்ப்பும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே இங்குள்ள குழப்பங்களில் பாதிக்குக் காரணம். இருந்தாலும், இதைப் பார்த்துப் பிள்ளை மாறிவிடும் என்று எந்தப் பாட்டியும் பயந்து கண்ணைப் பொத்தியதில்லை. கதையில் வருபவரைக் கதையில் வருபவராகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். நீங்கள் அணைத்துவிட்ட காட்சிக்குச் சற்று முன்னால் நடப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாயகன் பஸ் சில நிமிடங்கள் மட்டுமே பறந்துவிட்டுத் திரும்புகிறான்; அதற்குள் தரையில் சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தோழி அலிஷா தனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொல்கிறாள். அவனும் வியப்படைகிறான். தோழி மணக்கப்போவது ஒரு பெண்ணை என்பது அவனுக்கு வியப்பாகவே இல்லை. இப்போதுதான் அறிமுகமான ஒருவரையா மணக்கப்போகிறாய் என்பதுதான் அவனுடைய திகைப்பு. அவனுக்கு நிமிடங்களாகக் கழிந்த காலம் அவளுக்கு ஆண்டுகளாகக் கழிந்திருக்கிறது. தோழி வாழ்ந்து, பிள்ளை வளர்த்து, மூப்படைந்து இறக்கும் வரை தான் எதையுமே வாழவில்லை என்ற இழப்புதான் அந்தப் பகுதியின் உயிர். பின்னர் அவளுடைய பேத்தியே அவனுக்குத் துணையாக வருகிறாள். எட்டு வயதுக் குழந்தை அதைப் பார்த்தால், மனத்தில் தங்கக்கூடியது அந்த இழப்புதானே தவிர, ஓரிரு நொடியில் கடந்துபோகும் முத்தம் அல்ல.

ஆனால் உங்கள் வீட்டில் அந்த ஓரிரு நொடி மிகப் பெரியதாகிவிட்டது. படத்தில் யாரும் அதிர்ச்சியடையவில்லை; கூடத்தில் இருந்த பெரியவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். அன்று பிள்ளைகள் இருவரும் கற்றுக்கொண்டது அதைத்தான். இதைப் பழியாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் எதைக் கண்டு கலங்கினார்கள் என்பது புரிந்தால்தான் என்ன பேசுவது என்பதும் தெளிவாகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் கேட்பது மிக எளிய கேள்வி. அவளுக்குத் திருமணம் என்றால் பந்தல், பட்டுப் புடவை, மாப்பிள்ளை, பெண். அந்தக் கணக்கில் ஒன்று பொருந்தவில்லை, அதனால் கேட்கிறாள். உடலுறவு பற்றிய எண்ணம் அந்தக் கேள்வியில் துளியும் இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். “பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்வார்கள். சில பேர் தங்களைப் போன்ற இன்னொரு பெண்ணையோ ஆணையோ விரும்பிச் சேர்ந்து வாழ்வார்கள். அந்தப் படத்தில் வந்த அத்தைகள் அப்படிப்பட்டவர்கள்” என்று சொன்னால் போதும். அவள் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடக்கூடும். “நம் ஊரிலும் இருக்கிறார்களா?” என்று கேட்டால் “இருக்கிறார்கள்” என்று சொல்லுங்கள், ஏனென்றால் அதுதான் உண்மை. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்தும் அவர்கள் என்னிடம் வருகிறார்கள். மாடு கறக்கிறவர்களும் மெஷின் ஓட்டுகிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் அவர்களில் உண்டு. பதில் சொல்லாமல் மழுப்பினால்தான் கேள்வி நீளும். இன்றுவரை அவள் விடாமல் கேட்பதற்குக் காரணமே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதுதான்.

இங்கே அப்படிக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றும் அவள் கேட்கலாம். சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. ஆங்கிலேயர் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, வயது வந்த இருவரின் சம்மதத்தோடு கூடிய இந்த உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அத்தகைய திருமணத்தைச் சட்டம் இன்னும் அங்கீகரிக்கவில்லை. 2023 அக்டோபரில் அந்தக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைவதற்கான வழி என்று கொள்ள வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. குழந்தைக்கு இவ்வளவும் தேவைப்படாது. இது வெளிநாட்டுச் சரக்கு, நம் நாட்டில் இதற்கு இடமே இல்லை என்று உங்கள் கணவர் சொன்னால், அவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்ல உங்களுக்குத் தேவைப்படும்.

குழந்தைகள் படத்தில் இதையெல்லாம் ஏன் காட்டுகிறார்கள் என்ற அவருடைய கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்கள் குழந்தைகள் படங்களில் புதிதாக வந்து நுழைந்துவிடவில்லை. அமெரிக்கத் திரைத்துறை 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்திய தணிக்கை விதிகள், இந்த உறவைத் திரையில் சாடையாகக்கூடக் காட்டக் கூடாது என்று தடுத்தன. 1961இல் இந்தத் தடை சற்றுத் தளர்ந்தாலும், 1968 வரை அந்த விதிகள் நடப்பில் இருந்தன. நல்லவர்களாகக் காட்ட முடியாதபோது, அந்தச் சாயலை வில்லன்களின் மேல் பூசும் பழக்கம் வளர்ந்தது. குழைந்த நடையும் இழுத்த பேச்சும் மை தீட்டிய கண்ணும் கொண்ட கெட்டவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பார்த்து வெறுத்தார்கள். அப்போது எந்தப் பெற்றோரும் டிவியை அணைக்கவில்லை. 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் கடல் சூனியக்காரி உர்சுலாவின் தோற்றம், பெண் வேடமிட்டு நடித்துப் புகழ்பெற்ற டிவைன் என்ற ஆண் கலைஞரைப் பார்த்து வரையப்பட்டது. அந்தப் படத்தின் பாடல்களை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் தன்பாலீர்ப்பாளர். அடுத்து ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்துக்கும் அவரே எழுதினார். எய்ட்ஸ் நோயால் 1991 மார்ச்சில் இறந்துபோனதால் முடிந்த படத்தை அவர் பார்க்கவில்லை. உலகமே பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டும் பாட்டுகளை எழுதியவருக்கு, தன்னைப் போன்ற ஒரு நல்ல மனிதரை அந்தக் கதைகளுக்குள் வைக்க வழியிருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அதன் பிறகு வந்த மாற்றமும் அளந்து அளந்து வந்த மாற்றம்தான். 2012இல் ‘பாராநார்மன்’ படத்தின் இறுதியில், கட்டுமஸ்தான ஓர் இளைஞன் தனக்கு ஆண் காதலன் இருப்பதாக ஒரே ஒரு வரி சொல்கிறான். 2020இல் ‘ஆன்வர்ட்’ படத்தில் ஒரு பெண் காவலர் தன் காதலியின் மகளைப் பற்றி ஒரு வரி பேசுகிறார். அந்த ஒரு வரிக்காகவே சில வளைகுடா நாடுகளில் படம் தடுக்கப்பட்டது, ரஷ்ய மொழிமாற்றத்தில் ‘காதலி’ என்ற சொல்லே மாற்றப்பட்டது. நீங்கள் பார்த்த படத்தின் முத்தக் காட்சியும் முதலில் வெட்டப்பட்டு, அதைத் தயாரித்த பிக்ஸார் நிறுவனத்தின் ஊழியர்கள் குரல் எழுப்பிய பிறகே 2022இல் திரும்பச் சேர்க்கப்பட்டது. எந்த நாட்டுச் சந்தைக்கு வேண்டாமோ அங்கே கத்தரித்துவிடலாம் என்ற வசதிக்காகவே இவர்களைக் கதையின் ஓரத்தில் வைக்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு மனிதரை வெட்டி எடுத்தாலும் கதை குலையாது என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இந்தப் படங்களின் மேல் எனக்கு ஒரு குறை உண்டென்றால் அது இதுதான்.

இதைவிட நேர்மையாக எடுத்த படங்களும் இருக்கின்றன. ‘ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்’ படத்தில் பல ஆண்டுகள் காணாமல்போயிருந்த தாத்தா, முதல்முறையாகப் பேரனைச் சந்திக்கிறார். மனத்துக்குப் பிடித்தவர் யாராவது உண்டா என்று கேட்கிறார். பேரன் ஒரு பையனின் பெயரைச் சொல்கிறான். அவனை எப்படிக் கவர்வது என்று தாத்தா தனக்குத் தெரிந்த வீரதீர யோசனைகளை அள்ளிவிடுகிறார். அந்த முரட்டுக் கிழவரின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. உங்கள் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க ஏற்ற காட்சி அது. ‘தி மிட்செல்ஸ் வர்சஸ் தி மெஷின்ஸ்’ படத்தில் தகப்பனுக்கும் மகளுக்கும் நடக்கும் சண்டை முழுவதும் அவள் சினிமா எடுக்கப் போவதைப் பற்றியது. முடிவில் அம்மா, காதலியை விருந்துக்கு அழைத்து வருவாயா என்று மகளிடம் இயல்பாக விசாரிக்கிறார். ‘நிமோனா’ படத்தில் இரண்டு வீரர்களின் காதல் கதையின் நடுவிலேயே இருக்கிறது, வெட்டி எடுக்க வழியில்லை. ஆனால் அதில் கை வெட்டுப்படும் காட்சி உண்டு, ஆகவே மகனுக்கு ஆகும், மகள் சற்று வளரட்டும்.

எதைப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தணிக்கைச் சான்றிதழிலேயே இப்போது 7, 13, 16 என்று வயது பிரித்துப் போடுகிறார்கள். நான் கேட்பதெல்லாம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சேலம் போகும் தனியார் பேருந்தில் உங்கள் மகள் பார்த்துக்கொண்டே வரும் பாட்டுகளில் பெண்ணின் உடலை எப்படிக் காட்டுகிறார்கள், விருப்பமில்லை என்று சொல்லும் பெண்ணை நாயகன் எப்படித் துரத்துகிறான் என்பவை, ஒரு தம்பதியின் முத்தத்தைவிட எனக்குப் பெரிய கவலையைத் தருகின்றன.

இப்போது உங்கள் மகனைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் ஓரிரு வாக்கியங்களில் அவனைக் கடந்து போய்விட்டீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

அவன் எழுந்து போனதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பதின்மூன்று வயதில் அப்பா கத்துவதே ஒரு பையன் எழுந்து போவதற்குப் போதிய காரணம். அவனுடைய நண்பன் ஒருவனைப் பள்ளியில் மற்றவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருக்கலாம். தன்னைப் பற்றியே அவனுக்கு ஒரு குழப்பம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவனை உட்காரவைத்து “நீ அப்படியா?” என்று கேட்டுவிடாதீர்கள். செல்போனை எடுத்துச் சோதிக்காதீர்கள். தங்கையை விட்டு வேவு பார்க்கச் சொல்லாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அப்பாவின் சொல் இந்த வீட்டின் கடைசிச் சொல் அல்ல என்பது அவன் காதில் விழ வேண்டும். மகளுக்குப் பதில் சொல்லும்போது அவனும் அதே அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவனிடம் நேரடியாகப் பேசுவதானால், டியூஷனிலிருந்து ஸ்கூட்டியில் அழைத்து வரும்போது பேசுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவன் முகத்தை நீங்களும் பார்க்க முடியாது, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். “அன்னிக்கு அப்பா பேசினது எனக்குப் பிடிக்கல. அப்படிப்பட்டவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான். நம்ம வீட்டுல யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, ராத்திரிக்குத் தோசையா சப்பாத்தியா என்று பேச்சை மாற்றிவிடுங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள். அவன் “ம்” என்று மட்டும் சொன்னாலும், ஒன்றும் சொல்லாமலே வந்தாலும், கேட்டுக்கொண்டான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் இளைஞர்கள் பலர், வீட்டில் யாரோ எப்போதோ யாரைப் பற்றியோ சொன்ன ஒரு வாக்கியத்தை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது கசப்பான வாக்கியமாகவே இருக்கிறது. உங்கள் மகனிடம் வேறொரு வாக்கியமும் இருக்கட்டும்.

கணவரிடம் பிள்ளைகள் முன்னால் வாதாட வேண்டாம். சீசன் நேரத்தில் மண்டியிலிருந்து களைத்து வருபவரிடம் இரவில் தீர்ப்புகளைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. அவர் ஓய்வாக இருக்கும் ஒரு நாளில், “உங்களுக்குப் பிடிக்கிறது, பிடிக்காதது வேறு விஷயம், நம் பையன் நம் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டான், அதைக் கவனித்தீர்களா?” என்று தொடங்குங்கள். மகன்மேல் இருக்கும் பாசத்தின் வழியாகத்தான் அவரிடம் போக முடியும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல், மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்தபோது, தனக்கு இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். தெரியாததைத் தெரிந்துகொள்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை என்பதை உங்கள் கணவர் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

அந்தத் தீர்ப்பே இந்த ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னது. ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் அத்தகைய சிகிச்சை மருத்துவருக்குரிய ஒழுக்கத்தை மீறிய செயல் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அறிவித்தது. ஆகவே மாமியாரோ உறவினரோ குறி கேட்கலாம், தாயத்துக் கட்டலாம், இன்ன ஊரில் ஒரு டாக்டர் சரி செய்கிறார் என்று சொன்னால், எந்தக் காரணத்தைக் கொண்டும் மகனை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

இனி வரும் வாரங்களில் அவன் சாப்பாட்டைக் குறைத்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த நேரமும் கட்டணமின்றி 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவன் தனியாகவும் பேசலாம், நீங்களும் பேசலாம். என்னிடம் அழைத்து வர நினைத்தாலும் அழைத்து வாருங்கள். ஆனால் பையன் இப்படி ஆகிவிட்டானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு அழைத்து வராதீர்கள். அவன் ஏன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான் என்று கேட்கத்தான் வருகிறோம் என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லி, அவனுடைய சம்மதத்தோடு வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவன் மட்டும் உள்ளே இருப்பான், நீங்கள் இருவரும் வெளியில் காத்திருக்க வேண்டியிருக்கும்.